அத்தியாயம் 9: ஓடாமல் நிற்கும் பைக் – விற்பதா, வைத்துக்கொள்வதா?

கவர் போட்டு மூடிய பைக் ஒன்றை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ஒரு காலத்தில் தினமும் ஆபீசுக்குப் போய்வந்த வண்டியாக இருக்கும். பிறகு வீட்டுக்குக் கார் வந்திருக்கும். அல்லது எல்லோரும் ஓட்ட வசதியாக ஒரு ஸ்கூட்டர் வந்திருக்கும். வேலை பெங்களூருக்கோ துபாய்க்கோ மாறியிருக்கும். முதுகுவலி வந்து, "இனி பைக் வேண்டாம்" என்று டாக்டர் சொல்லியிருப்பார். வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். விற்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், "இருக்கட்டும், ஒரு அவசரத்துக்கு உதவும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். அதிகம் செலவு வைப்பதும் அதுதான். விற்றால் பணம் கைக்கு வரும். வைத்துக்கொண்டு ஓட்டினால் பயன் கிடைக்கும். இரண்டும் செய்யாமல் நிறுத்திவைத்தால் விலை இறங்கிக்கொண்டே போகும், வண்டி கெட்டுக்கொண்டே போகும், சட்டப் பொறுப்பு மட்டும் குறையாமல் உங்கள் பெயரில் இருக்கும். விற்பதா வைப்பதா என்று ஒரு மாதத்துக்குள் தீர்மானித்து, எடுத்த முடிவை ஒழுங்காக நிறைவேற்றுவது எப்படி என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

வண்டிக்கு என்ன வேலை இருக்கிறது?

பிடித்திருக்கிறதா இல்லையா என்ற கேள்வியில் தொடங்காதீர்கள். பிடித்ததால்தான் வாங்கினீர்கள். போன ஒரு வருடத்தில் அது என்ன வேலை செய்தது என்று பாருங்கள். பழைய சர்வீஸ் பில்லை எடுங்கள். அதில் அன்றைய கிலோமீட்டர் குறித்திருப்பார்கள். இன்றைய மீட்டரில் அதைக் கழித்தால், வண்டி எவ்வளவு ஓடியது என்பது தெரிந்துவிடும். பலருக்கு இந்த எண்ணே அதிர்ச்சியாக இருக்கும்.

அடுத்து, நினைவிருக்கும் பயணங்களை ஒரு தாளில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள்.

ஒன்று, இந்த பைக் இல்லாமல் நடந்திருக்கவே முடியாத பயணங்கள். கடைசி பஸ் போனபின் ஊருக்குள் போவது, வரப்போரமாக வயலுக்குப் போவது, கார் நுழையாத சந்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவது ஆகியவை இதில் வரும்.

இரண்டு, பைக்கில் போனது வசதியாக இருந்தாலும் ஸ்கூட்டரிலோ ஆட்டோவிலோ மெட்ரோவிலோ போயிருக்கக்கூடிய பயணங்கள்.

மூன்று, ஓட்டும் சந்தோஷத்துக்காகவே போனவை. ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை, ஏலகிரி மலைப்பாதை போன்றவை. இதை வெட்டிச் செலவு என்று ஒதுக்க வேண்டாம். மனசுக்கு நிறைவு தருவதும் ஒரு வேலைதான். ஆனால் அந்தப் பயணம் உண்மையில் நடந்திருக்க வேண்டும். "போகணும், போகணும்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது கணக்கில் வராது.

"அவசரத்துக்கு உதவும்" என்பதையும் நேருக்கு நேர் சோதித்துவிடுங்கள். கடைசியாக வந்த அவசரத்தில் நீங்கள் எதைத் தேடினீர்கள்? நடு இரவில் நெஞ்சுவலி என்றால் 108-ஐத்தான் அழைப்பீர்கள். நோயாளியை பைக்கின் பின்சீட்டில் உட்காரவைக்க மாட்டீர்கள். அதோடு, இரண்டு மாதம் நின்ற வண்டி அவசரத்தில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும் என்று நம்ப முடியாது. அவசரத்துக்கு உதவ வேண்டும் என்றால் அது அடிக்கடி ஓடும் வண்டியாக இருக்க வேண்டும்.

நிற்கும் வண்டிக்குள் என்ன நடக்கிறது?

ஓடினால் தேயும், நின்றால் அப்படியே இருக்கும் என்ற எண்ணம் தவறு. நிற்கும்போதும் வண்டி கெடுகிறது. கெடும் இடங்கள்தான் வேறு.

முதலில் பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்கில் மேல்பகுதி முழுக்க ஈரக்காற்றுதான் இருக்கும். இரும்பு டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும். இ20-க்கு ஏற்ற ரப்பர் பாகங்கள் இல்லாத பழைய வண்டிகளில் ஹோஸ், சீல் போன்றவையும் சீக்கிரம் கெடலாம்.

ஏழெட்டு மாதம் நின்ற வண்டியின் கார்ப்பரேட்டரை மெக்கானிக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அடிக்கிண்ணத்தைத் திறந்ததும் பழகிய பெட்ரோல் வாசனை வராது. வார்னிஷ் போலப் புளித்த நெடி வரும். கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறத்தில் பிசின் ஒட்டியிருக்கும். ஸ்லோ ஜெட் என்கிற சிறிய பித்தளைக் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஊசிமுனை அளவுத் துளைக்குள் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாது. அந்தத் துளை அடைத்ததால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகி ஆகி நின்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபிறகு வந்த பெரும்பாலான பைக்குகளில் கார்ப்பரேட்டர் இல்லை. இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் இருக்கின்றன. கெட்ட பெட்ரோலில் அவை பழுதானால் செலவு இன்னும் அதிகம்.

இரண்டாவது பேட்டரி. வண்டி ஓடாவிட்டாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். டிஜிட்டல் மீட்டரும் கடிகாரமும் அலாரமும் இருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஆஃபில் இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே வந்துவிட்டால் சார்ஜ் போட வேண்டும். டவுனாகவே பல வாரம் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் நிற்காது. கிக்கர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டியில் பேட்டரி டவுன் என்றால், பெட்ரோல் பம்ப்கூட ஓடாது.

மூன்றாவது டயர். ஒரே இடத்தில் காற்றில்லாமல் நின்றால் தரையில் அழுந்திய இடம் தட்டையாகிவிடும். பக்கச் சுவரில் வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் தேயாமல் புதிதுபோலத் தெரிந்தாலும் ஆறேழு வருடம் ஆன டயரை நம்பி நெடுஞ்சாலையில் போகக் கூடாது.

இன்னும் இருக்கிறது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. செயின் துருப்பிடிக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இந்த வேலையைப் பல மடங்கு வேகமாகச் செய்யும். எலி வயரைக் கடிக்கும். ஏர் ஃபில்டருக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் பூச்சி கூடு கட்டும்.

மழைவெள்ளமும் நிற்கும் வண்டியைத்தான் முதலில் பிடிக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் தாழ்வான பார்க்கிங்குகளில் நின்ற எத்தனையோ வண்டிகள் மூழ்கின. தினம் ஓடும் வண்டியை யாராவது மேட்டுக்கு நகர்த்துவார்கள். கவர் போட்ட வண்டியின் சாவி எங்கே என்றுகூடத் தெரியாது. தண்ணீருக்குள் இருந்த வண்டியை மெக்கானிக் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் இந்தச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது.

"வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணிடுறேன்" என்று பலர் சொல்வார்கள். இது போதாது. ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டை ஐந்து நிமிட ஐடிலிங் திருப்பித் தராது. என்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளே உருவாகும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்தால் இருபது முப்பது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஒரு நாள் பயணத்துக்கு எவ்வளவு விழுகிறது?

இப்போது பணக் கணக்கு. 350 சிசி வண்டி ஒன்று, வயது ஏழு, இன்று விற்றால் 90,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை எடுத்துக்காட்டு எண்கள். உங்கள் பில்களைப் பார்த்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

– இன்சூரன்ஸ்: 2,400
– சர்வீஸ், என்ஜின் ஆயில்: 3,000
– பேட்டரி (மூன்று வருடத்துக்கு ஒன்று என்றால் ஒரு வருடப் பங்கு): 800
– டயர் (ஐந்து வருடத்துக்கு ஒரு ஜோடி என்றால் ஒரு வருடப் பங்கு): 1,200
– புகைச் சான்றிதழ்: 100
– ஒரு வருடத்தில் இறங்கும் விலை: 8,000
– 90,000 ரூபாயை 6.5 சதவீத டெபாசிட்டில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டி: 5,850

மொத்தம் 21,350 ரூபாய். பெட்ரோல் இதில் சேரவில்லை. வருடத்தில் 20 நாள் ஓட்டினால் ஒரு நாளுக்குச் சுமார் 1,070 ரூபாய். 100 நாள் ஓட்டினால் சுமார் 214 ரூபாய். அதே வண்டிதான், ஓட்டும் நாட்களைப் பொறுத்து ஒரு நாள் செலவு ஐந்து மடங்கு மாறுகிறது. உங்கள் ஊரிலோ புதுச்சேரியிலோ அதே ரக வண்டிக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று விசாரித்து, இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்சூரன்சில் தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி ஒரு வருடத்துக்கு 75 முதல் 150 சிசி வரை 714 ரூபாய், 150 முதல் 350 சிசி வரை 1,366 ரூபாய், 350-க்கு மேல் 2,804 ரூபாய்; ஜி.எஸ்.டி. தனி. இதனால்தான் எல்லா வண்டிக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. 100 சிசி வண்டி, விலை 25,000 ரூபாய்தான் வரும் என்றால், வருடச் செலவு மிகக் குறைவு. ஊரிலிருந்து தம்பி வந்தாலும், ஸ்கூட்டர் சர்வீசுக்குப் போனாலும் உதவுகிற அந்த வண்டியை வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. விலை அதிகமுள்ள பெரிய வண்டி சும்மா நிற்கும்போதுதான் நஷ்டம் பெரிது.

காலக்கெடுகளையும் கணக்கில் சேருங்கள். ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். பேச்சுவழக்கில் எஃப்.சி. என்கிறோமே, அதுதான். பைக்குக்கு மத்திய அரசின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்ட் முதல் 2,000 ரூபாய். மாநிலத்தின் பசுமை வரி தனி. பதினான்காவது வருடத்தில் விற்கப் போனால், வாங்குபவர் இந்தச் செலவையும் அலைச்சலையும் விலையிலேயே கழித்துவிடுவார். விற்பதாக இருந்தால் அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே விற்றுவிடுவது நல்லது.

அப்பாவின் வண்டி, முதல் சம்பள வண்டி

பணக் கணக்கு மட்டும் போட்டு முடிக்க முடியாத வண்டிகள் உண்டு. அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட வண்டி. முதல் சம்பளத்தில் அட்வான்ஸ் கட்டி எடுத்த வண்டி. இவற்றை விற்கச் சொல்லி யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, கூடாது. ஆனால் பாசம் இருக்கும் வண்டிக்குப் பராமரிப்பும் இருக்க வேண்டும். அப்பாவின் ஞாபகம் என்று சொல்லிவிட்டு மொட்டை வெயிலிலும் மழையிலும் துருப்பிடிக்க விடுவது அந்த ஞாபகத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி, நிழலில் நிறுத்தி, ஓடும் நிலையில் வைத்திருக்க முடிந்தால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், அந்த வண்டியை மதித்து ஓட்டக்கூடிய அக்கா மகனுக்கோ தம்பிக்கோ கொடுங்கள். சொந்தம்தானே என்று பெயர் மாற்றாமல் மட்டும் விடாதீர்கள்.

வண்டி இறந்துபோனவர் பெயரிலேயே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இறப்பை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தால் வாரிசு மூன்று மாதம்வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால், அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் வெவ்வேறு ஊரில் இருக்கும்போது கையெழுத்து வாங்குவதே பெரும்பாடாகிவிடும்.

"வைத்திருந்தால் விலை ஏறும்" என்பது இன்னொரு நம்பிக்கை. யமஹா ஆர்எக்ஸ் 100, மைசூரு ஐடியல் ஜாவாவின் யெஸ்டி, பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் போன்ற சில வண்டிகளுக்கு அது பொருந்தும். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றது. யெஸ்டி தொழிற்சாலையும் அதே ஆண்டு மூடப்பட்டது. ஆனால் காதில் விழும் பெரிய விலைகள் எல்லாம் ஒரிஜினல் பாகங்களோடு, நன்றாக ஓடுகிற, ஆர்.சி. உயிரோடு இருக்கிற வண்டிகளுக்குத்தான். எஃப்.சி. முடிந்து, என்ஜின் இறுகி, பாதிப் பாகத்தைச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேட வேண்டிய நிலையில் உள்ள வண்டிக்கு அந்த விலை வராது. 50 வருடம் தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவுசெய்ய 2021-இல் விதி வந்தது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை. மற்றபடி கோடிக்கணக்கில் தயாரான சாதாரண கம்யூட்டர் பைக் எதுவும் வைத்திருந்தால் விலை ஏறாது. ஒவ்வொரு வருடமும் இறங்கத்தான் செய்யும்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால்

– பத்து நாளைக்கு ஒருமுறையாவது அரை மணிநேரம் ஓட்டுங்கள். காலண்டரில் குறித்துவிட்டால் மறக்காது.

– ஒரு மாதத்துக்குமேல் வெளியூர் போவதானால் டேங்கை நிரப்பிவிட்டுப் போங்கள். காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் துருவும் குறையும். கார்ப்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பல மாதம் நிற்கப்போகிறது என்றால் கிண்ணத்தை முழுக்க வடித்துவிடச் சொல்லுங்கள்.

– நீண்ட நாள் நிறுத்தும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவையுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

– சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செயினுக்கு ஸ்பிரே அடியுங்கள்.

– பிளாஸ்டிக் ஷீட் போட்டு இறுக்கி மூட வேண்டாம். உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். காற்றுப்போகும் துணிக் கவர் போதும்.

– ஓட்டாவிட்டாலும் வருடம் ஒருமுறை என்ஜின் ஆயிலை மாற்றுங்கள்.

– இன்சூரன்சை விடாதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல்முறை அபராதம் 2,000 ரூபாய், மறுமுறை 4,000. ஆனால் அபராதம் சிறிய விஷயம். மோதி ஒருவருக்கு உயிரோ காலோ போனால் இழப்பீட்டை உங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால், பல வருடம் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனசும் போய்விடும்.

– வீட்டில் பதினெட்டு வயதாகாத பிள்ளைகள் இருந்தால் சாவி அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. சும்மா நிற்கும் வண்டிதானே என்று பையன் எடுத்துப்போய் விபத்து நடந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டம் இருக்கிறது, ஆர்.சி.யும் ஒரு வருடம் ரத்தாகும்.

விற்பது என்று முடிவானால்

முதலில் வண்டியை ஓடவையுங்கள். ஸ்டார்ட் ஆகிற வண்டிக்கும் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. ஸ்டார்ட் ஆகாத வண்டியில் என்ன கோளாறோ என்று பயந்து வாங்குபவர் அதிகமாகவே குறைப்பார். கார்ப்பரேட்டர் கிளீனிங், பேட்டரி, பிரேக், வாட்டர் வாஷ் போதும். புது பெயின்ட் அடிக்காதீர்கள். எதையோ மறைக்கிறீர்கள் என்ற சந்தேகம்தான் வரும்.

விலையை மூன்று இடத்தில் விசாரியுங்கள்: பைக் கன்சல்டிங் கடை, ஷோரூம் எக்ஸ்சேஞ்ச், நேரடியாக வாங்குபவர். கன்சல்டிங்கில் லாபம் வைத்துக் குறைவாகக் கேட்பார்கள். ஆனால் அலைச்சல் இல்லை. எக்ஸ்சேஞ்ச் என்றால், பழைய வண்டி கொடுக்காமல் புது வண்டி வாங்கினால் தள்ளுபடி எவ்வளவு என்றும் கேளுங்கள். பழைய வண்டிக்கு உண்மையில் கிடைப்பது எவ்வளவு என்பது அப்போது தெரியும். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான புது பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் சேர்ந்து இறங்கும். அதற்குமுன் பக்கத்து வீட்டுக்காரர் விற்ற விலையை மனசில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

காலம் பார்த்து விற்பதும் உதவும். கல்லூரி திறக்கும் சமயத்தில் பழைய பைக் தேடி வருபவர்கள் அதிகம். ஆடி, மார்கழியில் வண்டி வாங்கத் தயங்குபவர்கள் இருப்பார்கள். தை பிறந்தால் வருவார்கள். ஆனால் இரண்டு மாதத்துக்குமேல் இதற்காகக் காத்திருக்காதீர்கள்.

டெஸ்ட் ரைடு கேட்டால் அடையாள அட்டையையும் லைசென்ஸையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், அல்லது பின்னால் உட்கார்ந்து போங்கள். பணம் வந்துவிட்டதா என்பதை உங்கள் வங்கிக் கணக்கிலேயே பாருங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் நம்பர் போடத் தேவையே இல்லை. "பணம் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடி.

பெயர் மாறும்வரை விற்பனை முடியவில்லை

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பணம் வாங்கி, சாவி கொடுத்துவிட்டால் விற்பனை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்ற பைக் செயின் பறிப்பில் பயன்பட்டாலும் போலீஸ் முதலில் வந்து நிற்பது ஆர்.சி.யில் உள்ள விலாசத்துக்குத்தான்.

கன்சல்டிங்கில் இப்படி ஒரு பேச்சு வரும்:

"அண்ணே, இப்போ ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போங்க. பார்ட்டி கெடச்சதும் நேரா அவங்க பேருக்கே மாத்திக்கிறோம். உங்களுக்கு ஒரு டென்ஷனும் இல்ல."

இதற்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில்:

"இல்ல தம்பி. உங்ககிட்ட டீலர் அங்கீகாரம் இருந்தா 29சி போட்டு, வண்டிய நீங்க எடுத்துக்கிட்டதா ஆன்லைன்ல பதிவு பண்ணிடுங்க. இல்லைன்னா பார்ட்டி வந்ததும் சொல்லுங்க, அன்னைக்கே வந்து கையெழுத்துப் போடுறேன்."

2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதி இது. அங்கீகாரம் பெற்ற டீலர் படிவம் 29சி மூலம் வண்டியைப் பெற்றுக்கொண்டால், அதன்பின் பொறுப்பு டீலருடையது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதை மட்டும் யாருக்காகவும் செய்யாதீர்கள்.

நேரடியாக விற்றால் செய்ய வேண்டியவை:

– லோன் இருந்திருந்தால், பேங்க் அல்லது ஃபைனான்ஸில் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள எச்.பி. என்கிற கடன் பதிவைக் கேன்சல் செய்யுங்கள். கடனை அடைத்துவிட்டாலும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் நீங்காமல் இருக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

– நிலுவையில் உள்ள இ-சலான் அபராதங்களைக் கட்டிவிடுங்கள்.

– பரிவாகன் தளத்தில் உங்கள் இப்போதைய மொபைல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். பழைய எண் என்றால் எல்லாமே நின்றுவிடும்.

– படிவம் 29 விற்பவர் தரும் தகவல். படிவம் 30 இருவரும் சேர்ந்து தரும் விண்ணப்பம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். வேறு ஆர்.டி.ஓ. எல்லைக்குப் போகிறது என்றால் என்.ஓ.சி.யும் கேட்பார்கள்.

– டெலிவரி லெட்டர் எழுதி தேதி, நேரம், கிலோமீட்டர், தொகை எல்லாம் குறித்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாங்கியவரின் ஆதார் நகலை வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்தரைக்கு வண்டி கைமாறியது என்றால் "காலை 10.30" என்றே எழுதுங்கள்.

– முடிந்தால் ஒரு சிறு தொகையைப் பெயர் மாறியபிறகு வாங்குவதாகப் பேசிக்கொள்ளுங்கள், அல்லது இருவரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. வேலையை முடியுங்கள்.

– இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்து, நோ கிளெய்ம் போனஸ் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மூன்று வருடத்துக்குள் நீங்கள் வாங்கும் இன்னொரு பைக்குக்கு அந்தச் சலுகையைப் பயன்படுத்தலாம்.

– ஒரு மாதம் கழித்து வண்டி எண்ணைப் போட்டுப் பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள்.

விற்க முடியாத அளவுக்குப் போய்விட்ட வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். பாகங்கள் பிரிந்துபோனாலும் ஆர்.சி. உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும். சேசிஸ் நம்பர் வேறு வண்டிக்குப் போகலாம். பதிவுபெற்ற வாகன ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள்.

முடிவெடுக்க நான்கு கேள்விகள்

1. போன வருடம் இந்த பைக் இல்லாமல் முடியாத வேலை, அல்லது உண்மையாகவே ரசித்துப்போன பயணம், மாதம் இரண்டு முறையாவது இருந்ததா?

2. ஒரு நாள் பயணத்துக்கு விழும் செலவு, வாடகை வண்டியைவிடக் குறைவா? அல்லது அந்தக் கூடுதல் செலவை மனமறிந்து கொடுக்கத் தயாரா?

3. நிழலான இடம், பத்து நாளைக்கு ஒருமுறை ஓட்ட ஆள், வருடாந்தரப் பராமரிப்புக்குப் பணம் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா?

4. அடுத்த இரண்டு வருடத்தில் உங்கள் வாழ்க்கை மாறி, இந்த வண்டி மறுபடி தினமும் ஓடப்போகிறதா?

மூன்றாவது கேள்விக்கு இல்லை என்றால் மற்ற மூன்றையும் பார்க்கவே வேண்டாம், விற்றுவிடுங்கள். மூன்றாவதற்கு ஆம் என்று வந்து, மற்ற மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். குழப்பமாக இருந்தால் மூன்று மாதம் தவணை வையுங்கள். வண்டியைச் சர்வீஸ் செய்து, ஓட்டும் ஒவ்வொரு தேதியையும் எழுதிவைத்து, மூன்றாவது மாதக் கடைசியில் அந்தத் தாள் என்ன சொல்கிறதோ அதன்படி செய்யுங்கள்.

பைக் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. நீங்கள் ஓட்டுவீர்கள் என்றால் நன்றாகப் பராமரித்து ஓட்டுங்கள். ஓட்ட மாட்டீர்கள் என்றால், ஓட்டப்போகிறவர் கையில் கொடுத்து, அவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். எதுவானாலும் இந்த மாதத்துக்குள் தொடங்கிவிடுங்கள்.